அடிநட்டு

கடற்கரைக்குப் பேச்சு நின்று எழுபதாம் நாள் திரும்பி வந்த முதல் சொல் ‘தண்ணி.’

திருச்செந்தூரில் நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அவருக்குக் கடற்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐம்பத்தாறு வயது வரைக்கும் காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்ததில்லை. மாசிக் கடைசியில் ஒரு காலை பல் தேய்க்கப் போனவர் கிணற்றடியிலேயே சரிந்தார். வலது கையும் வலது காலும் விறகாகிவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண்ணும் காதும் மட்டும் பழையபடி இருந்தன. அதுதான் பெரிய கொடுமை என்று பின்னால் அவருடைய வீட்டுக்காரி முருகம்மாளுக்குத் தோன்றியது. எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வைகாசி பிறந்த மறுநாள் அவர் கட்டிலில் கிடந்தபடி ‘தண்ணி’ என்றதும், முருகம்மாள் கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். செம்போடு கொடுத்தாள், மடக்கு மடக்கென்று குடித்தார். தெரு முழுக்கச் சொல்லி அழுதாள். இலஞ்சிக் குமாரர் கோயிலில் தேங்காய் உடைத்தாள். தென்காசி ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண்கூட, “ஒரு சொல்லு வந்துட்டுல்லா, மத்ததெல்லாம் பின்னாலயே வந்திரும்” என்றாள். எதுவும் வரவில்லை. பசித்தாலும் ‘தண்ணி’ என்பார், முதுகு வலித்தாலும் ‘தண்ணி’ என்பார் என்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பசிக்கு வயிற்றைத் தொட்டுக் காட்டினார், வலிக்கு முகத்தைச் சுளித்தார். ‘தண்ணி’யைத் தண்ணீருக்கு மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மனுசர் கறார்.

வீட்டில் அடுப்பு எரிவது டிராக்டரால்தான். வண்டி நாற்பது வருஷத்து வண்டி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பழசாக வாங்கியது. நீல நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது, நம்பித்தான் ஆகவேண்டும். ஒரே மகள் இசக்கிசெல்வியைக் கட்டிக்கொடுத்ததும், மச்சு வீடு போட்டதும் அது உழுத உழவில். கடற்கரை விழுந்த பிறகு இரண்டு டிரைவர்களை வைத்துப் பார்த்தாள். ஒருவன் மூன்று நாள் வந்தான், இன்னொருவன் வண்டியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டுப் போனான். மூன்றாவதாக முருகம்மாளே ஏறி உட்கார்ந்தாள். களத்தில் அவர் வைக்கோல் ஏற்றும்போது வண்டியை நகர்த்தி நகர்த்திக் கொடுத்துப் பழக்கம் உண்டு. சேலைக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள், பின்னால் மாட்டிய உழவுக் கருவி ரோட்டவேட்டரோடு குற்றாலம் ரோட்டில் போவதை, சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு தங்கள் வயலுக்கும் கூப்பிட்டார்கள்.

இந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு. கியர்பெட்டிக்கும் பின்னாலிருக்கிற லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய். பல்சக்கரங்கள் அதில்தான் முங்கிக் கிடக்கின்றன. ரோட்டவேட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அதே எண்ணெய்தான். முப்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது கெட்டால் வண்டியின் இடுப்பே போயிற்று. அதனால் முருகம்மாள் மற்றதில் எப்படியோ, எண்ணெய் பார்ப்பதில் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. சமதரையில் நிறுத்தி, லிஃப்டை இறக்கி வைத்து, காலையில் எஞ்சின் போடுமுன் சீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற அளவுகம்பியை உருவுவாள். பனியன் வேஸ்டால் துடைத்து, திரும்பச் சொருகி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். கம்பியில் இரண்டு கோடு உண்டு. எண்ணெய் நடுவில் நின்றால் போதும். அவளுக்கு மேல்கோட்டிலேயே நின்றது, நிறமும் தேன் மாதிரி. அவர் ஓட்டும்போதுகூட மாதம் அரை லிட்டர் ஊற்றவேண்டியிருந்த வண்டி, அவள் கைக்கு வந்த பிறகு ஒரு சொட்டு குறையவில்லை. அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அவரிடம் போய்ச் சொன்னாள்.

“நீங்க ஓட்டும்போது வண்டி எண்ணெயாக் குடிச்சிச்சு. இப்ப பாருங்க, குறையவே இல்ல. ஏறித்தான் நிக்கி.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு, “தண்ணி” என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

அது ஆனி முதல் வாரம். மேற்கே மலை மறைந்து, தென்காசிப் பக்கம் முழுக்கச் சாரல் இறங்கியிருந்தது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஆட்டோக்காரர்கள் முகத்தில் வெளிச்சம். வண்டியை அவள் தகரச் சாய்ப்புக்குள்தான் நிறுத்தினாள். மேலே தகரம் இருக்கிறது, பிறகென்ன. சாரலுக்கு மேல் என்றும் பக்கம் என்றும் கிடையாது, காற்றோடு சேர்ந்து குறுக்கே வரும் என்பது பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும். ஆனால் அதில் நனைவதை யாரும் நனைவதாக வைத்துக்கொள்வதில்லை. சாரலுக்குக் குடை பிடித்தால் வெளியூர் ஆள் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து தினம் காலை இதே கூத்துதான். அவள் சாவியை எடுத்தாளோ இல்லையோ, கட்டிலிலிருந்து “தண்ணி, தண்ணி” என்று சத்தம். கொடுத்தால் குடிக்கமாட்டார். இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டுவார். பிறகு விரல்களைக் குவித்து, எதையோ பிடித்துத் திருகுவது போலத் திருகுவார்.

“கொழாத் தண்ணியா? கொழாயத் தொறக்கச் சொல்லுதியளா?”

குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தாள். டம்ளரைத் தட்டிவிட்டார். கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள், தட்டிவிட்டார். வெந்நீர், சீரகத் தண்ணீர், மண்பானைத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் கட்டில் சட்டத்தில் இடது கையால் ஓங்கி அடித்தார். வாய் ஓரத்தில் எச்சில் வழிய, கண்ணில் நீர் நிற்க, அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சாரல் நின்று வெயில் அடித்த இரண்டு நாள் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் யார் கவனிப்பார்கள்?

அவள் வயலுக்குப் போகிற நேரம் அவரைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய். அவள்தான் ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னாள்.

“ஏட்டி, கை எந்தப் பக்கம் காட்டுதாரு பாத்தியா? மேக்க. அருவித் தண்ணி கேக்காரு. மூலிகைத் தண்ணில்லா! ஒடம்பு கேக்கும்போல.”

சரியாகத்தான் பட்டது. முருகம்மாள் ஐந்து லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். சீசன் கூட்டத்தில், எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவில் இடிபட்டு, உடுத்திய சேலையோடு அருவிக்குள் நின்று கேனைப் பிடித்தாள். அப்படியே ஈரத்தோடு வீடு வந்து, டம்ளரில் ஊற்றி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தாள்.

“அருவித் தண்ணி. ஒங்களுக்காகப் போயிப் புடிச்சிட்டு வந்தேன். குடிங்க.”

ஒரு வாய் உள்ளே போயிற்று. அது என்னவென்று புரிந்ததும் அவர் கேனைக் காலால் எட்டி உதைத்தார். நல்ல கால்தான், பலமாக விழுந்தது. தரை முழுக்க ஓடிய தண்ணீரைப் பார்த்து அவள் ஆங்காரத்தில் கத்திவிட்டாள்.

“என்னதான் வேணும் ஒமக்கு? எந்தத் தண்ணியத்தான் நான் கொண்டாருவேன்? கடல் தண்ணியா?”

‘ஒங்களுக்கு’ என்றில்லாமல் அவரிடம் ‘ஒமக்கு’ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். துணியைப் போட்டுத் தரையைத் துடைக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இதற்கு நடுவில் வண்டியும் ஒரு சேட்டை ஆரம்பித்தது. காலையில் எஞ்சினைப் போட்டு லிஃப்டைத் தூக்கினால் உள்ளே ஊளையிட்டது. ரோட்டவேட்டர் எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்தது. கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும். கடற்கரைக்குக் கட்டிலிலிருந்தே அந்த ஊளை கேட்கும். கேட்கும்போதெல்லாம் இடது கை சட்டத்தில் அடிக்கும்.

அவள் மெக்கானிக் ஆறுமுகநயினாருக்குப் போன் போட்டாள். சிவகிரியில் பட்டறை வைத்திருப்பவன். கடற்கரையை அண்ணாச்சி என்றும் இவளை மதினி என்றும் கூப்பிடுகிறவன், கைசுத்தமான வேலைக்காரன். போனிலேயே கேட்டான்.

“ஆயில் அளவு எப்படி இருக்கு மதினி?”

“மேல்கோட்டுலயே நிக்கி தம்பி. குறையவே இல்ல.”

“நெறம்?”

“தேன் மாதிரி. காலையிலதான் பாத்தேன்.”

“வண்டி மழையில நனைஞ்சுதா? உள்ள தண்ணி எறங்கிருந்தா இப்படித்தான் சத்தம் போடும்.”

“மழையா? மழை எங்க பெஞ்சிச்சு? ஒரு சொட்டு மழை இல்ல இங்கன.”

பொய் இல்லை. அந்த மாதத்தில் மழை பெய்ததா என்று இலஞ்சியில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சிவகிரியில் வெயில் பொரிந்துகொண்டிருந்தது, அவனும் நம்பினான்.

“அப்ப பில்டர் அடைச்சிருக்கும். கையில உள்ள வேலைய முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, வந்து கழத்திப் பாத்திருவோம்.”

கையில் இருந்தது முத்துராமலிங்கத்தின் நாலு ஏக்கர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சொன்ன தேதிக்கு நாற்று நடவேண்டும் என்று நிற்பவர். அது முடிந்தால் அடுத்தடுத்து ஏழு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். இந்தக் கார் பருவம் ஓடிவிட்டால் ஒரு வருஷம் சமாளிக்கலாம். ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசித்தால் வண்டியில் ஏறமுடியாது.

ஆனி இருபத்தாறாம் தேதி காலை கடற்கரை கத்தவில்லை. அவள் சாவியை எடுத்தபோது அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, கெஞ்சுகிற குரலில், “தண்ணி” என்றார். கை திருகியது, ஒரே ஒரு தடவை. அவள் டம்ளரைக் கொண்டுவந்தாள். அவர் உதட்டை மூடிக்கொண்டார். “வந்து பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முத்துராமலிங்கத்தின் வயலில் மூன்றாவது சுற்றில் கியர்பெட்டிக்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். ரோட்டவேட்டர் தானாகத் தொழிச் சேற்றில் தொப்பென்று விழுந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. கியர்க் கம்பி எந்தப் பக்கம் தள்ளினாலும் லொடலொடவென்று ஆடியது. முருகம்மாள் எஞ்சினை நிறுத்தினாள். சாரல் அவள் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மத்தியானம் ஆறுமுகநயினார் பைக்கில் வந்து சேர்ந்தான். அதற்குள் வேறொரு வண்டி வைத்து இதை ரோட்டோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் முதலில் கியர்க் கம்பியின் அடியைப் பார்த்தான். அங்கிருக்கிற ரப்பர் மூடி எப்போதோ கிழிந்து, யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதுவும் இற்றுப்போய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அளவுகம்பியை உருவினான். கம்பியில் எண்ணெய் இல்லை, பால் விட்ட காப்பிதான் இருந்தது.

“காலையில தேன் மாதிரி இருந்துச்சே தம்பி” என்றாள்.

“ராத்திரி வண்டி சும்மா நிக்கையில தண்ணி அடியில போயிரும் மதினி. மேல நல்ல எண்ணெய்தான் தெரியும். ஓட்டுன பெறவுல்லா கலங்கும். தண்ணி சேரச் சேர அளவும் ஏறத்தான் செய்யும்.”

ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் படுத்து, அடிநட்டைக் கழற்றினான். தண்ணீர் கொட்டியது. குழாயில் வருகிற மாதிரி, தெளிவாக. வைத்த சட்டியில் பாதி நிறைந்த பிறகுதான் வெளுத்த எண்ணெய் வந்தது. அதோடு இரண்டு பல்லும் வந்து விழுந்தன, சக்கரத்திலிருந்து உடைந்த இரும்புப் பல். அவன் டார்ச் அடித்துப் பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தான். நீளமாக ஒரு கீறல்.

“கேஸே பொளந்துட்டு. இந்த வண்டியோட கேஸு இப்ப எங்கயும் கெடைக்காது மதினி. இனி காயலான் கடைக்குத்தான்” என்றான். பிறகு ஆற்றமாட்டாமல் கேட்டான். “மழையே இல்லன்னு சொன்னியளே!”

“மழை எங்க பெஞ்சிச்சு?”

அவன் முகத்தில் வழிந்த நீரைக் கையால் வழித்து அவளிடம் காட்டினான். “அப்ப இது என்னது?”

“இது சாரல்லா” என்றாள் முருகம்மாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற முத்துராமலிங்கம், “சாரல மழைன்னு யாருப்பா சொல்லுவா?” என்றார். ஆறுமுகநயினார் கையிலிருந்த அடிநட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத பாருங்க மதினி. அடியில உள்ள நட்டு எல்லாம் துருவேறி மண்ணு மூடிக் கெடக்கு. இது மட்டும் முனை தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. அண்ணாச்சி சீசன் நேரத்துல தெனமும் காலையில இத லேசாத் தளத்தி, அடியில உள்ள தண்ணிய எடுத்துட்டுத்தான் வண்டிய எடுத்திருக்காரு. இல்லன்னா இந்த மூடிய வச்சிக்கிட்டு இத்தன வருசம் ஓடியிருக்காது. ஒங்ககிட்ட சொல்லலியா?”

முருகம்மாள் அந்த நட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக அடுப்படி ஜன்னல் வழியாக அவள் பார்த்த காட்சிதான் அது. விடிந்தும் விடியாமல் அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் பீடிப்புகை வரும். ‘எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு வண்டிக்கு அடியில ஒளிஞ்சு குடிக்கிய’ என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறாள். அவர் சிரிப்பார், மறுத்துச் சொன்னதில்லை. பீடியும் உண்மைதானே. அங்கே ஒரு தகர டப்பா கிடந்தது. துப்புகிற டப்பா என்று நினைத்து, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள்தான் குப்பையில் போட்டாள்.

சொல்லலியா என்று கேட்கிறான். சொன்னார் தம்பி. இருபது நாளாக, எழுந்ததும் எழாததுமாக, இருந்த ஒரே சொல்லை வைத்துச் சொன்னார். நட்டைத் திருகிக் காட்டினார். வண்டி நிற்கிற இடத்தைக் காட்டினார். நான் டம்ளர் டம்ளராக மோந்து கொடுத்தேன். அவளால் இதில் ஒன்றையும் அவனிடம் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். பேச்சித்தாய் வாசலில் நின்று, “காலையில இருந்து வாயில ஒண்ணும் வாங்கல்லட்டி. சத்தமும் இல்ல. செவத்தப் பாத்துக்கிட்டே கெடக்காரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி நின்ற சத்தம் அவருக்கு இங்கேயே கேட்டிருக்கும். இலஞ்சி வயலில் அந்த வண்டி இருமினால்கூட அவருக்குத் தெரியும்.

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் திருப்பினார்.

“தண்ணி” என்றார்.

“புரிஞ்சிட்டு” என்று அவள் வெடித்து அழுதாள். “புரிஞ்சிட்டுய்யா. எண்ணெயில தண்ணி. அடிநட்டத் தளத்தணும். நீங்க சொன்னிய, இந்தப் பாவிக்குத்தான் வெளங்கல. கொழாத் தண்ணியும் அருவித் தண்ணியுமாக் கொண்டாந்து ஒங்க வாயில ஊத்துனேன். வண்டி போயிட்டுய்யா. பல்லு ஒடஞ்சு, கேஸு பொளந்து, எல்லாம் போயிட்டு.”

“தண்ணி.”

“எடுத்துட்டோம். எல்லாத் தண்ணியும் எடுத்தாச்சு. இனி எடுத்து என்ன செய்ய?” அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். “அடிங்க என்னய. அதையே சொல்லாதிய, அடிங்க.”

அவர் அடிக்கவில்லை. கை திருகவும் இல்லை, வாசலைக் காட்டவும் இல்லை. உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு மூன்றாவது தடவையாக, ஒரு கோபமும் இல்லாமல், “தண்ணி” என்றார். பார்வை, அறை மூலையில் இருந்த பானை மேல் இருந்தது.

அவளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்துபோய் மோந்து வந்து, தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தாள். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார், அதையும் குடித்தார். அவருக்குத் தாகம், அவ்வளவுதான். இனி அந்தச் சொல்லுக்கு வீட்டில் வேறு அர்த்தம் கிடையாது. வெளியே சாய்ப்பு காலியாகக் கிடந்தது, அதற்குள்ளும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது டம்ளருக்கு அவள் பானையைச் சரித்தாள்.